பத்தில் ஒரு பங்கு

குற்றாலத்தில் அருவி கொட்டி, சிற்றாறு கரைபுரண்டாலும், தென்காசி அருகே குத்துக்கல்வலசைப் பக்கம் ஒரு குளம் பெருக வேண்டுமென்றால் வரத்துக்கால் மண்மேடும் அமலைச்செடியும் இல்லாமல் இருக்க வேண்டும்.

அதை அள்ளப் பணம் யாரிடம் கேட்பது? முதலில் குளம் யார் பொறுப்பு என்று பாருங்கள். குளத்தின் பாசனப் பரப்பான ஆயக்கட்டு 40 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 100 ஏக்கருக்கு மேலே என்றால் நீர்வளத்துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். இடம் மாறிக் கொடுத்தால் மனுதான் மேசை மேசையாக நடக்கும், தண்ணீர் நடக்காது.

முன்பு குடிமராமத்து என்று ஊரே மண்வெட்டியோடு இறங்கியது. 1858-ல் ஆங்கிலேயர் அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கினார்கள். அந்தப் பழைய பெயரில் 2017-ல் தமிழக அரசு ஒரு திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்துக்கு 100 கோடி ரூபாய். செலவில் பத்தில் ஒரு பங்கு பாசனதாரர்களுடையதாக இருந்தது. பணமாகத்தான் என்றில்லை, பொருளாகவோ உழைப்பாகவோ தர முடிந்தது. எனக்குப் பிடித்த விதி இதுதான். பங்கு போட்டவர் கரையில் நின்று ஆழத்தை அளந்து பார்ப்பார் இல்லையா? ஆனால் பாசனதாரர் சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரர்கள் நுழைந்தார்கள் என்ற புகாரும் அப்போதே எழுந்தது.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டதால், மனு கொடுக்க விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குத் திருநெல்வேலிக்கு பஸ் ஏற வேண்டாம். மனுவில் குளத்தின் பெயர், சர்வே எண், ஆயக்கட்டுப் பரப்பு, மறுகால் எங்கே போய்ச் சேருகிறது என்பதெல்லாம் இருக்கட்டும். தை, மாசியிலேயே கொடுத்துவிடுங்கள். மதிப்பீடு போட்டு நிதி வருவதற்குள் சாரல் தொடங்கிவிட்டால், அந்த வருஷம் தூர்வார முடியாது.