தோல்வியும் எழுதுகோலும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா என்றால் வெற்றி பெற்றவர்களைப் பாராட்டுவது மரபு. பட்டம் பெற்றவர்கள், பணியில் அமர்ந்தவர்கள் ஆகியோரின் பெயர்களை இம்மேடையில் வாசித்தபோது நாம் அனைவரும் மகிழ்ந்து கைதட்டினோம். அந்த மகிழ்ச்சிக்கு நாம் முழு உரிமை உடையவர்கள். ஆயினும் அப்பட்டியல் வாசிக்கப்பட்டபோது, அதில் இடம் பெறாத பிள்ளைகளின் நினைவும் எங்களுக்கு வந்தது. தேர்வில் தவறியவர்கள், பாதியில் படிப்பை நிறுத்தியவர்கள், நேர்முகத் தேர்வுக்குச் சென்று தலை குனிந்து திரும்பியவர்கள் ஆகியோரும் இப்பந்தலில்தான் அமர்ந்திருக்கிறார்கள். இன்றைய உரை முதலில் அவர்களுக்கே உரியது.

அத்தகைய பிள்ளைகளைக் காணும்போது நாம் வழக்கமாக என்ன சொல்கிறோம்? "எல்லாம் நன்மைக்கே" என்கிறோம். "தோல்வியே வெற்றியின் முதற்படி" என்கிறோம். நாங்களும் பல முறை அவ்வாறு சொல்லியிருக்கிறோம். இன்று அந்தச் சொல்லைத் திரும்பப் பெற விரும்புகிறோம். விழுவதே ஒருவனுக்கு அறிவைக் கொடுத்துவிடும் என்றால், இந்நாட்டில் நம் மக்களைவிட அறிவிற் சிறந்தவர் எவரும் இருந்திருக்க முடியாது. ஏனெனில் நம்மைப் போல் தள்ளி வீழ்த்தப்பட்டவர்கள் வேறு எவரும் இல்லை. காயம் எதையும் கற்றுக் கொடுப்பதில்லை. அக்காயத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இது எப்படி வந்தது, யாரால் வந்தது என்று ஆராய்ந்து, அதை ஒரு சொல்லாக, ஒரு பாட்டாக, ஒரு நூலாக ஆக்குகின்ற உழைப்பே கற்றுக் கொடுக்கிறது. இதுவே நாங்கள் சொல்ல வந்த ஒரே செய்தி.

இதனை நாங்கள் அறிந்துகொண்ட விதத்தைச் சுருக்கமாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம். இச்சங்கம் தோன்றுவதற்கு முந்தைய காலம் அது. எங்கள் தெருவில் ஒரே ஆண்டில் ஆறு பேர் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் தவறினோம். ஆறு பேரும் கணக்கில்தான் தவறினோம். "இவர்களுக்குக் கணக்கு எங்கே வரப்போகிறது?" என்று ஊரில் பேசினார்கள். அதை நாங்களும் நம்பினோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வெட்கப்பட்டு, ஒரு மாத காலம் தனித்தனியே திரிந்தோம்.

பிறகு பொழுதைப் போக்கும் எண்ணத்தோடு ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்கினோம். நாற்பது பக்க நோட்டு ஒன்று, மைக்கூடு ஒன்று. திங்களுக்கு ஒரே ஒரு படிதான். அது வீடு வீடாகச் சென்று திரும்பும். முதல் இதழுக்கு வேறு பொருள் கிடைக்காமல், ஆறு பேரும் தத்தம் பள்ளி வாழ்வின் கடைசி ஆண்டைப் பற்றி எழுதினோம். எழுதியவற்றை வரிசையாக வைத்துப் படித்தபோது திகைத்துப் போனோம். ஆறு பேரும் தை, மாசித் திங்களில் மூன்று, நான்கு வாரங்கள் பள்ளிக்குச் செல்லவில்லை. சம்பா அறுவடைக்குப் பெற்றோருடன் சென்றிருந்தோம். அந்த வாரங்களில்தான் கணக்குப் பாடத்தின் இறுதிப் பகுதி வகுப்பில் நடந்து முடிந்திருந்தது. ஆறு மூளைகளில் இருந்த குறையாக நாங்கள் எண்ணிக் கொண்டிருந்தது, உண்மையில் ஒரே வயலின் கூலிக் கணக்காக இருந்தது!

அடுத்த இதழில் எங்கள் பெற்றோர் ஊர் பெயர்ந்து சென்ற கதையை எழுதினோம். பஞ்சத்தினால் சென்றதாக எழுதியிருந்தோம். எழுத்தறியாத பாட்டி ஒருவர் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பஞ்சமாவது ஒண்ணாவது! அது நல்லா மழை பெஞ்ச வருஷம்டா. கூலி நெல்லைக் கொறைச்சாங்க. கேட்டதுக்கு வேலை இல்லேன்னுட்டாங்க. அதனாலதான் போனோம்" என்றார். அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு மீண்டும் எழுதினோம். வானத்தின் மேல் போட்டிருந்த பழியை அன்று உரிய இடத்திற்கு மாற்றினோம்.

அன்பார்ந்த இளைஞர்களே! வீழ்ச்சி இரு வகைப்படும். நம் முயற்சிக் குறைவினால் நாமே தடுக்கி விழுவது ஒரு வகை. பிறர் தள்ளியதால் விழுவது மற்றொரு வகை. முன்னதற்கு மருந்து உழைப்பு; பின்னதற்கு மருந்து உரிமைக் குரல். நம் பிள்ளைகள் பலர் தள்ளப்பட்டு விழுந்துவிட்டு, தாமே தடுக்கி விழுந்ததாக எண்ணிக் கூனிக் குறுகுகிறார்கள். வேறு சிலர் தாமே தடுக்கி விழுந்துவிட்டு, உலகம் முழுவதையும் நொந்துகொள்கிறார்கள். இவ்விரண்டையும் பிரித்தறிவதே முதற்பாடம். அப்பாடத்தைக் கற்க, நடந்ததை நடந்தவாறே எழுதிப் பார்ப்பதைவிடச் சிறந்த வழியை நாங்கள் அறியோம்.

இது நம் முன்னோர் நடந்து காட்டிய வழியே ஆகும். தாத்தா இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கோயம்புத்தூரில் படித்த காலத்தைத் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் குறித்து வைத்திருக்கிறார். உடன் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிராமணர்கள். நெருங்கிப் பழகினால் தம் சாதி தெரிந்துவிடுமே என்று அஞ்சி, மணி அடிக்கும் வரையில் பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக் கொண்டிருப்பாராம். பெயரைச் சொல்லவும் அஞ்சி ஒதுங்கி நின்ற அந்த மாணவர்தான், 1893-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையில் 'பறையன்' என்னும் பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். தொடக்கத்தில் நான்கு பக்கங்கள் கொண்ட மாத இதழ், விலை இரண்டணா. பின்னர் அது வார இதழாகி, 1900-ஆம் ஆண்டு வரை நடந்தது. எந்தச் சொல்லை மறைக்க வேண்டியிருந்ததோ, அந்தச் சொல்லையே முகப்பில் அச்சிட்டு விற்றார். அச்சத்தை அவர் மறக்கவில்லை. அதனை ஓர் இதழாக மாற்றினார்.

அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்வை நோக்குவோம். 1917-ஆம் ஆண்டில் பரோடா அரசு அளித்த உதவித்தொகையின் காலம் முடிந்ததால், இலண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அவர் தாயகம் திரும்ப நேர்ந்தது. அவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த நூல்களை ஏற்றி வந்த கப்பல், முதல் உலகப் போரில் தாக்குண்டு மூழ்கியது. பரோடாவில் பணி கிடைத்தது. குடியிருக்க இடம் கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள், தடியேந்திய கும்பல் ஒன்று வந்து அவரை வெளியேறச் சொன்னது. பம்பாய்க்குச் செல்லும் இரவு வண்டிக்கு இன்னும் பல மணி நேரம் இருந்தது. கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று வந்த அப்பேரறிஞர், போக்கிடமின்றி ஒரு பொதுப் பூங்காவில் அமர்ந்திருந்தார். ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து இந்நிகழ்ச்சியை எழுதியபோதும், அதைக் கண்ணீரின்றி நினைக்க முடியவில்லை என்னும் கருத்தை அவர் பதிவு செய்திருக்கிறார்.

அதன் பின்னர் அவர் என்ன செய்தார்? பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார், பொருள் சேர்த்தார், 1920-ஆம் ஆண்டில் சொந்தச் சேமிப்பும், கோல்ஹாபூர் சாகு மகாராசரின் உதவியும், நண்பர் ஒருவரிடம் பெற்ற கடனும் கொண்டு மீண்டும் இலண்டன் சென்று, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அவர் வாழ்வில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளை நீங்கள் ஒருசேர வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். இலண்டன் பல்கலைக்கழகத்திற்கு அவர் அளித்த ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் திருத்தி எழுதுமாறு கேட்டுத் திருப்பினார்கள். கையிலிருந்த பணமும் தீர்ந்துவிட்ட நேரம் அது. அவர் பம்பாய்க்குத் திரும்பி வந்து, தம் முடிவுகளை மாற்றாமல் ஏட்டைத் திருத்தி எழுதி மீண்டும் அனுப்பினார். 1923-ஆம் ஆண்டில் அது ஏற்கப்பட்டு, டி.எஸ்சி. பட்டம் கிடைத்தது. ரூபாய் நாணயத்தின் சிக்கல் குறித்த அவருடைய புகழ் பெற்ற நூல் அதுவே. இது ஒரு நிகழ்ச்சி.

1936-ஆம் ஆண்டில் இலாகூரைச் சேர்ந்த ஜாத் பாத் தோடக் மண்டல் தன் மாநாட்டிற்குத் தலைமையேற்க அவரை அழைத்தது. அவர் எழுதிய தலைமையுரையைப் பார்த்த அமைப்பாளர்கள், சில பகுதிகளை நீக்கக் கேட்டார்கள். ஒரு காற்புள்ளியைக் கூட மாற்ற இயலாது என்று அவர் மறுத்துவிட்டார். மாநாடு கைவிடப்பட்டது. ஆற்றப்படாத அவ்வுரையைத் தம் சொந்தச் செலவில் 1500 படிகள் அச்சிட்டார். இரண்டே திங்களில் அவை விற்றுத் தீர்ந்தன. 1937-ஆம் ஆண்டில் இரண்டாம் பதிப்பு வருவதற்குள் தமிழிலும் குசராத்தியிலும் மொழிபெயர்ப்புகள் வந்துவிட்டன. ஒரு மாநாட்டுப் பந்தலில் சிலர் கேட்டிருக்கக்கூடிய உரை, இன்று உலகம் படிக்கின்ற 'சாதி ஒழிப்பு' நூலாக நிற்கிறது.

ஒரே மனிதர்தான். 1923-இல் திருத்த இசைந்தார். 1936-இல் திருத்த மறுத்தார். ஏன்? முன்னதில், சொல்லும் முறையைச் செம்மை செய்யக் கேட்டார்கள். அவர் கண்ட முடிவு சிதையவில்லை. பின்னதில், கண்ட உண்மையையே கைவிடக் கேட்டார்கள். "நன்றாகச் சொல்" என்று கேட்டால் பத்து முறையும் திருத்தி எழுதலாம், அது கல்வி. "சொல்லாதே" என்று கேட்டால் ஒரு முறையும் இணங்கலாகாது; அது மானம். திருத்தம் சொன்ன ஆசிரியரையெல்லாம் பகைவர் என்று கருதுபவன் வளர மாட்டான். இணங்கு என்று சொன்னவரையெல்லாம் ஆசிரியர் என்று கருதுபவன் நிமிர மாட்டான். எதில் வளைவது, எதில் நிமிர்வது என்னும் இத்தெளிவே இரண்டாம் பாடம்.

நம் காலத்திலிருந்தும் ஒரு சான்று காட்டுவோம். எழுத்தாளர் பாமா அவர்கள் ஆசிரியப் பணியை விட்டுவிட்டு, ஏழைகளுக்குத் தொண்டு செய்யும் நோக்கத்துடன் துறவறம் மேற்கொண்டார். அங்கும் சாதி இருக்கக் கண்டார். ஏழு ஆண்டுகளுக்குப் பின் அதை விட்டு வெளியேறியபோது கையில் வேலையும் இல்லை. போக வழியும் புலப்படவில்லை. அந்நிலையில் தம் இளமை முதல் நிகழ்ந்தவற்றைத் தம் மக்கள் பேசும் மொழியிலேயே எழுதினார். அதுவே 1992-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கருக்கு'. இரு புறமும் கூர்மை கொண்ட பனங்கருக்கே அதன் பெயர். ஆங்கிலத்தில் இலட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் வந்து கிராஸ்வேர்ட் பரிசும் பெற்றது.

ஆயினும் அந்நூல் வந்தவுடன் அவருடைய ஊரார் மகிழவில்லை, சினம் கொண்டார்கள். சில காலம் அவர் ஊருக்குள் செல்லவும் இயலவில்லை. ஊரின் வறுமையையும் பெயர்களையும் வெளியில் சொல்லிவிட்டாரே என்பது அவர்கள் மனக்குறை. பின்னர் அந்த எழுத்து தங்களுக்காகவே பேசுகிறது என்று உணர்ந்து ஏற்றுக் கொண்டார்கள். இதில் மூன்றாம் பாடம் இருக்கிறது. இப்பாடம் இளைஞர்களுக்கு அன்று, பெரியவர்களாகிய நமக்கே உரியது. நம் பிள்ளைகள் எழுதத் தொடங்கினால், நமக்கு இனிக்கும் செய்திகளை மட்டும் எழுத மாட்டார்கள். நம் வீட்டிற்குள் பெண் மக்கள் படும் துன்பத்தையும், நம் தெருவின் குடிப்பழக்கத்தையும் எழுதுவார்கள். அன்று நாம் இலாகூர் அமைப்பாளர்களைப் போல் நடந்துகொள்ளக் கூடாது.

"எங்களுக்கு எழுத வராதே" என்று சிலர் கூறலாம். படைப்பு என்பது ஏட்டில் எழுதுவது மட்டும் அன்று. மாண்டவரின் வரலாற்றை ஒப்பாரியில் வைத்துப் பாடிய நம் தாய்மார்கள் படைப்பாளிகளே. பறையின் அடியில் காலத்தைக் கணக்கிட்ட நம் கலைஞர்கள் படைப்பாளிகளே. மேலே சொன்ன அந்தப் பாட்டிக்கு ஓர் எழுத்தும் தெரியாது. எங்கள் பத்திரிகையின் சிறந்த ஆசிரியர் அவர்தாம்.

நிறைவாக, வெள்ளி விழா காணும் இச்சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, தேர்வு முடிவு வெளியாகும் நாளன்று சங்கத்தின் கதவு இரவு வரை திறந்திருக்கட்டும். வென்றவர்களுக்கு இனிப்பு வழங்குவதோடு, தவறியவர்களுடன் அமர்ந்து, எந்தப் பாடம், எந்த மாதம், என்ன காரணம் என்று பொறுமையாகக் கேட்டு எழுதி வையுங்கள். பத்துப் பேரின் காரணங்களை ஒன்றாகச் சேர்த்துப் படித்தால், சங்கம் செய்ய வேண்டிய பணி எதுவென்று தானே விளங்கும். இரண்டாவது, மாணவர்கள் நடத்தும் கையெழுத்துப் பத்திரிகை ஒன்றை மீண்டும் தொடங்குங்கள். கைபேசியில் நொடிக்கொரு செய்தி வரும் இந்நாளிலும், கையால் எழுதிப் பத்து வீடு சென்று திரும்பும் ஓர் ஏட்டிற்குத் தனி மதிப்பு உண்டு. மூன்றாவது, எழுத்தறியாத முதியோர் இன்னும் நம்மோடு இருக்கும்போதே, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் மறைந்த பின் பஞ்சம் எது, கூலிக் குறைப்பு எது என்று நமக்குச் சொல்ல எவரும் இரார்.

தேர்வில் தவறிய அந்த ஆறு பேரும் மறு ஆண்டில் மீண்டும் எழுதினோம். நால்வர் தேறினோம், இருவர் தேறவில்லை. தேறாத இருவரில் ஒருவர் கடைசி வரை வயல் வேலையே செய்தார். ஆனால் தமக்குக் கணக்கு வராது என்று அவர் அதன்பின் ஒரு நாளும் சொன்னதில்லை. தெருவில் எவர் கூலியைக் குறைத்தாலும், அளந்து பார்த்துக் கணக்குக் கேட்டவர் அவரே. அதையும் ஒரு தேர்ச்சியாகவே நாங்கள் எண்ணுகிறோம்.