நன்றியின் செயல்வடிவம்



உடற்குறையுள்ள குழந்தையை வளர்க்கும் தாயிடம் சுற்றத்தார் பலர் முதலில் சொல்வது "முன்வினை" என்னும் சொல். வினைக் கொள்கை, ஒருவர் தம்மைத் தாமே ஆராய்ந்துகொள்வதற்கு உரியது. பிறர் துயரை அளக்கும் கோல் அன்று.

பூனம் நடராஜன் என்னும் தாயின் மகனுக்கு மூளை முடக்குவாதம். வளரும் மூளை பாதிப்புற்று, தசைகள் அதன் ஏவலுக்கு இணங்காத நிலை இது. பாதிப்பை அடியோடு நீக்க மருந்தில்லை. இளமையிலேயே பயிற்சி தொடங்கின் இயக்கமும் பேச்சும் மேம்படக்கூடும். 1985இல் சென்னையில் ஒரு கார்க் கொட்டகையில், மூன்று குழந்தைகளுடன் அவர் பயிற்சி மையம் தொடங்கினார். அதுவே இன்றைய வித்யாசாகர். பின்னர், 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அறக்கட்டளைக்கும் அவர் தலைவரானார்.

தம் மகனை வளர்த்துக் கற்றதைப் பிற தாயர்க்கும் அவர் பகிர்ந்தளித்தார். இடர் இல்லையென்று மகிழ்வதன்று நன்றி. இடரின் நடுவே தாங்கிய கைகளை நினைந்து, தாமும் பிறரைத் தாங்குவதே நன்றி.

விஸ்வநத்தத்தில் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குச் செல்லும் தாய், குழந்தையைப் பயிற்சிக்கு அழைத்துச் சென்றால் அன்றைய கூலியை இழக்கிறார். அவருக்கு வேண்டுவது அறிவுரை அன்று; துணை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெற உடன் செல்லலாம். கடும் பாதிப்புடையோர்க்கு அரசு வழங்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதித் தரலாம். ஔஷத தானமும் அபய தானமும் இவற்றுள் அடங்கும்.

அத்தாயை அடுத்த முறை காணும்போது "முன்வினை" என்னாது, "எந்த நாள் உடன் வரட்டும், அம்மா?" என்று கேளுங்கள்.