பெற்றோர் சிறையில்; பிள்ளைகள் மீது எந்தப் பிரிவில் வழக்கு?



கைதானவர்களின் பிள்ளைகளைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறீர்கள். நம் மேடைகளில் அதிகம் பேசப்படாத விஷயம் இது. ஒருவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது என்று செய்தி வந்தால் நமக்கு உடனே மூன்று வேலைகள் நினைவுக்கு வரும். வக்கீல் பார்ப்பது, ஜாமீன் எடுப்பது, கண்டனச் சுவரொட்டி ஒட்டுவது. மூன்றும் தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் போலீஸ் வேன் கிளம்பிப் போன பிறகு அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? அடுப்பில் பாதி வெந்த சோறு இருக்கிறது. எட்டு வயதுப் பெண் ஒன்று, இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறது. அந்தக் குழந்தையின் பெயர் எஃப்.ஐ.ஆரில் கிடையாது. ரிமாண்ட் உத்தரவிலும் கிடையாது. ஆனால் அன்று இரவிலிருந்து தண்டனையை அனுபவிக்கத் தொடங்குவது அதுதான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரப்படி 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். இதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது உள்ளே இருக்கிற நான்கு பேரில் மூன்று பேர் மீது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. மக்கள்தொகையில் 16.6 சதவீதமாக இருக்கிற பட்டியல் சாதியினர் சிறைக்குள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறார்கள். அதே அறிக்கை, 1,537 பெண்கள் 1,764 குழந்தைகளோடு சிறையில் இருப்பதாகவும் சொல்கிறது. சரி, வெளியே விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் எத்தனை பேர்? அந்தக் கணக்கு அறிக்கையில் இல்லை. அரசு ஒன்றை எண்ணவில்லை என்றால், அதற்குப் பணம் ஒதுக்காது, அதிகாரி போடாது, பொறுப்பும் ஏற்காது.

இதைச் சாதி ஒழிப்பு இயக்கம் ஏன் பேச வேண்டும், இது குழந்தைகள் நலத் துறையின் வேலை இல்லையா என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு சொல்கிறேன்.

1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911 சட்டத்தின் மூலம் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்தவன் பிறப்பிலேயே குற்றவாளி என்பதுதான் அந்தச் சட்டத்தின் அடிப்படை. இந்த எண்ணத்தை அவன் லண்டனிலிருந்து கப்பலில் கொண்டுவர வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தச்சன் மகன் தச்சன், பறையன் மகன் பறையன் என்று சொல்லிக்கொண்டிருந்த சமூகத்தில், திருடன் மகன் திருடன் என்று சட்டம் எழுதுவது எளிதாக இருந்தது. 1897இல் செய்த திருத்தம் இன்னும் கொடுமை. நான்கு வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள ஆண் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தனிச் சீர்திருத்தக் குடியிருப்புகளில் வைக்க அது அதிகாரம் கொடுத்தது. நான்கு வயதுப் பிள்ளை என்ன குற்றம் செய்திருக்கும்? அந்தத் தாயின் வயிற்றில் பிறந்ததுதான் குற்றம்.

1952 ஆகஸ்ட் 31 அன்று நாடு முழுவதும் அந்தச் சட்டம் ஒழிந்தது. அதன் பிறகு அந்த மக்களுக்குச் சீர்மரபினர் என்று பெயர் வந்தது. ஆனால் காவல் நிலையத்தின் புத்தி மாறியதா? துப்புத் துலங்காத திருட்டு வழக்கு சேர்ந்துவிட்டால் குறவர் குடியிருப்புக்கும் இருளர் குடியிருப்புக்கும் ஜீப் வருவது இன்றும் நடக்கிறது. 1993இல் கடலூர் மாவட்டம் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராஜாக்கண்ணு கொல்லப்பட்டதும் இப்படி ஒரு திருட்டு வழக்கில்தான். ‘ஜெய் பீம்’ படத்தில் அந்த வழக்கைப் பார்த்து நாடே அழுதது. அந்தப் படத்தின் கடைசியில் சின்னப் பெண் ஒருத்தி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பாள். எல்லோரும் கைதட்டினோம். அந்தக் காட்சிக்கு முன்பு அந்தக் குழந்தைக்கு வக்கீல் இருந்தார், சங்கம் இருந்தது, வீட்டில் தாய் இருந்தாள். இது எதுவும் இல்லாத பிள்ளைகள்தான் நம் சேரிகளிலும் குடியிருப்புகளிலும் அதிகம். அவர்களைத் தேடிச் செங்கல் சூளை மேஸ்திரி வருகிறான், அட்வான்ஸ் பணத்தோடு. பெண் பிள்ளையாக இருந்தால், ‘யாராவது ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுத்துவிடலாம்’ என்று பதினைந்து வயதில் பேச்சு வருகிறது.

2024 அக்டோபர் 3 அன்று, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. சிறைக்குள் சாதி பார்த்து வேலை கொடுப்பதும், சாதி பார்த்து அடைப்பதும், சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாக நடத்துவதும் அரசமைப்புக்கு விரோதம் என்றது. சிறைப் பதிவேட்டில் சாதிக் கட்டத்தை நீக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. சுவருக்கு உள்ளே பிறப்பை வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது என்றால், சுவருக்கு வெளியே நிற்கும் அவர் பிள்ளைக்கும் அதுதானே நியாயம்? பள்ளிக்கூடத்தில் பேனா காணாமல் போனால் முதலில் இந்தப் பிள்ளையின் பையைத் திறக்கிற ஆசிரியர், 1871ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் வகுப்பறையில் நடத்திக்கொண்டிருக்கிறார்.

நம் இயக்கத்துக்கு இது புதிய அனுபவமும் அல்ல. 1938-39 இந்தி எதிர்ப்புப் போரில் தண்டனை பெற்றவர்கள் 1,179 பேர். அதில் 73 பேர் பெண்கள். அந்தத் தாய்மார்களோடு 32 குழந்தைகளும் சிறைக்குப் போனார்கள். போராட்ட வரலாற்றில் இதைப் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த 32 பேரும் கொள்கைக்காகப் போனவர்கள் அல்லர், அம்மாவுக்காகப் போனவர்கள். சிறை நிரப்பும் போராட்டம் அறிவிக்கும்போது, ‘உங்கள் வீட்டில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?’ என்ற கேள்வியைப் பெயர்ப் பட்டியல் எழுதும் தோழர் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அது போராட்டத்தைப் பலவீனப்படுத்தாது. இன்னும் நான்கு தாய்மார்கள் தைரியமாகப் பெயர் கொடுப்பார்கள்.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அவசர நேரத்தில் கையில் இருக்க வேண்டிய விஷயங்கள் இவை.

பெண்ணைச் சூரியன் மறைந்த பிறகும் விடிவதற்கு முன்பும் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கு என்றால் பெண் காவல் அதிகாரி வர வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும். கைதைக் குடும்பத்தாருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும் என்பது டி.கே. பாசு வழக்கில் 1996இல் சொல்லப்பட்டு, பிறகு சட்டத்திலேயே வந்துவிட்டது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அது இருக்கிறது.

தாயோடு சிறைக்குள் போகும் குழந்தைகளுக்கு ஆர்.டி. உபாத்யாய் வழக்கின் 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பு இருக்கிறது. ஆறு வயது வரை குழந்தை தாயோடு இருக்கலாம். சிறைக்குப் பக்கத்தில் குழந்தைகள் காப்பகம், வயதுக்கேற்ற உணவு, மருத்துவம், படிப்பு எல்லாம் தர வேண்டும். சிறையில் பிறந்தால் பிறப்புச் சான்றிதழில் சிறை என்று எழுதக் கூடாது, அந்தப் பகுதியின் பெயரைத்தான் எழுத வேண்டும். ஆறு வயதைத் தாண்டிய பிள்ளையைத் தாய் விரும்புகிறவரிடம் ஒப்படைக்க வேண்டும். அரசு இல்லத்தில் வைத்தால் வாரம் ஒரு முறையாவது தாயைப் பார்க்க விட வேண்டும். பெண்களுக்கான தனிச் சிறைகள் புழல், வேலூர், திருச்சி என்று சில ஊர்களில்தான் இருக்கின்றன. விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பாட்டி மூன்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மனு பார்க்கப் போக வேண்டுமானால், பஸ் காசோடு அன்றைய கூலியும் போகிறது.

வெளியே இருக்கிற பிள்ளைகளுக்கு 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இருக்கிறது. கவனித்துக்கொள்ள இயலாத நிலையில் பெற்றோர் இருந்தால், அந்தக் குழந்தையைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாகக் குழந்தைகள் நலக் குழு ஏற்க முடியும். 1098க்கு யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம். ஆனால் எச்சரிக்கையாக இருங்கள். நம் அதிகாரிகளுக்குப் பாதுகாப்பு என்றாலே இல்லத்தில் சேர்ப்பதுதான் நினைவுக்கு வரும். பாட்டியோ அத்தையோ சித்தப்பாவோ வளர்க்கத் தயாராக இருக்கும்போது, குடிசை வீடு, கூலி வேலை என்ற காரணத்தைச் சொல்லிப் பிள்ளையைப் பிரிக்க விடக் கூடாது. அது 1897ஐ வேறு பெயரில் கொண்டுவருவது. ‘இல்லம் வேண்டாம், எங்கள் குடும்பத்தோடு வைத்து வளர்க்க உதவித்தொகை கொடுங்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், விதவைத் தாய், அநாதைக் குழந்தை, கொடிய நோய், விபத்தால் இயலாமை என்று தகுதிகளைச் சொல்லும் சட்டப் பிரிவில், சிறை என்ற சொல் இல்லை. டெல்லி அரசு 2014இலேயே சிறைவாசிகளின் பிள்ளைகளுக்கென்று தனித் திட்டம் போட்டது. கேரளாவிலும் அவர்களின் படிப்புக்கு உதவி உண்டு. நம் கோரிக்கை இதுதான்: பெற்றோரில் யார் உள்ளே போனாலும், மற்றவர் உயிரோடு இருந்தாலும், விசாரணைக் கைதியாக இருந்தாலும், பிள்ளைக்கு முதல் மாதத்திலிருந்தே உதவி வர வேண்டும். கைதுக் குறிப்பாணையில் ‘பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், இன்றிரவு யாரிடம் இருக்கிறார்கள்’ என்று ஒரு கட்டம் வேண்டும்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் இருக்கிறார்கள். சொத்துக் காட்டி ஜாமீன் நிற்க சேரியில் யார் இருக்கிறார்கள்? 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே வராதவர் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு வந்த ஏழைச் சிறைவாசிகளுக்கான திட்டத்தில் ஜாமீன் தொகைக்கு உதவி உண்டு. இதைக் கேட்டு வாங்குவது நம் வேலை. தாய் வெளியே வருவதை விடப் பெரிய குழந்தைகள் நலத் திட்டம் எதுவும் இல்லை.

அரசு செய்கிற வரை நாம் என்ன செய்வது? ஒவ்வொரு கிளையிலும் இருவர், அதில் ஒருவராவது பெண் தோழர், இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். கைது நடந்த இரவே அந்த வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகள் சாப்பிட்டார்களா, எங்கே தூங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், சாதிச் சான்றிதழ், பள்ளிச் சான்றுகள் எங்கே என்று தேடி எடுத்து வைக்க வேண்டும். இருளர் பிள்ளைக்குப் பழங்குடிச் சான்றிதழ் வாங்குவது அப்பா பக்கத்தில் இருக்கும்போதே பெரும்பாடு, உள்ளே போய்விட்டால் கேட்கவே வேண்டாம். மறுநாள் தலைமை ஆசிரியரைப் பார்த்து, பிள்ளை சில நாள் வராவிட்டாலும் பெயரை எடுக்காதீர்கள், வகுப்பில் இதைப் பற்றிப் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிள்ளையிடம் பொய் சொல்லாதீர்கள். அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார் என்பார்கள். ஒரு வாரத்தில் தெருவே அதற்கு உண்மையைச் சொல்லிவிடும், கேவலமான வார்த்தையில் சொல்லும். அதற்கு முன்பு, நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, ‘அப்பாவைப் போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது, வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறார், உன் மேல் எந்தத் தப்பும் இல்லை’ என்று சொன்னால் போதும். எப்போது வருவார் என்று கேட்டால், தெரியாத தேதியைச் சொல்லாதீர்கள்.

கடைசியாகக் கொஞ்சம் சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை பொய் வழக்கில் போனவர்களைப் பற்றிப் பேசினேன். உண்மையிலேயே குற்றம் செய்தவரின் பிள்ளை? அதுவும் நம் பிள்ளைதான், பெற்றோரின் தீர்ப்பைப் பார்த்துச் சோறு போட முடியாது. சரி, சாதி வெறியில் நம் பையனை வெட்டிவிட்டு உள்ளே போனவனின் பிள்ளை? உங்களில் சிலருக்கு முகம் மாறுவது தெரிகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டாரிடம் போய் இதைப் பேசச் சொல்லவில்லை, அந்த உரிமை எனக்கும் கிடையாது. அந்தக் கொலைகாரனுக்குத் தண்டனை வாங்கித் தரும் வரை நாம் ஓயவும் கூடாது. ஆனால் அந்தப் பிள்ளையை இன்று யார் வளர்க்கிறார்கள் என்று யோசியுங்கள். சாதிச் சங்கம் பணம் கொடுக்கிறது, படிப்புச் செலவை ஏற்கிறது, ‘உன் அப்பன் நம் மானத்தைக் காத்த வீரன்’ என்று மேடையேற்றுகிறது. பதினைந்து வருடம் கழித்து அடுத்த அரிவாள் அங்கே தயாராகிறது. அந்தப் பிள்ளைக்கும் அரசு உதவித்தொகை போக வேண்டும், நல்ல ஆசிரியர் கிடைக்க வேண்டும் என்று நாம் கேட்பது இரக்கத்தால் மட்டும் இல்லை, சாதிச் சங்கத்தின் கையிலிருந்து ஒரு குழந்தையை மீட்க வேண்டும் என்பதாலும்தான். பிறப்பு எதையும் தீர்மானிக்காது என்று சொல்கிற நாம், இந்த ஒரு குழந்தைக்கு மட்டும் அதை மாற்றிச் சொல்ல முடியாது.

இந்த மாதமே உங்கள் கிளையில் அந்த இரண்டு பெயர்களை முடிவு செய்யுங்கள். உங்கள் ஊரில் அப்பாவோ அம்மாவோ சிறையில் இருக்கிற பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். அரசு எண்ணாத பிள்ளைகளை நாம் எண்ணுவோம்.

ஜெய் பீம்.