ஒரு படமும் பல தீர்ப்பும்

 

வெள்ளிக்கிழமை ஒரு திரைப்படம் வெளியாகின்றது. ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாள்களை விரித்தால், ஒரு தாளில் எழுதியவர் அதனை ஆண்டின் தலைசிறந்த படம் என்கின்றார். மற்றொரு தாளில் எழுதியவர் காசுக்கும் காலத்திற்கும் கேடு என்கின்றார். இருவரும் கற்றவர், இருவரும் பார்த்தது ஒரே படம். படிப்பவன் என்ன செய்வான்? 'இவர்கட்குள்ளேயே உடன்பாடு இல்லை; இவர்கள் எழுத்தால் எவர்க்கு என்ன பயன்?' என்று தாளை மடித்து வைக்கின்றான். அல்லது, தான் முன்பே கொண்ட கருத்தை எவர் எழுதியுள்ளாரோ அவரையே அறிஞர் என்று போற்றி, மற்றவரை விலைபோனவர் என்று தூற்றுகின்றான். இவ்விரு வழியும் அறிவுக்கு ஒவ்வாதவை. திறனாய்வாளர் மாறுபடுவது ஏன், அம்மாறுபாட்டினின்று படிப்போர் கொள்ளத்தக்கது யாது என்பதே இவ்வுரையின் பொருள்.

'விமரிசனம்' என்னும் வடசொல் இன்றைய வழக்கில் குறைகூறல் என்னும் அளவிற்குத் தேய்ந்துவிட்டது. 'திறனாய்வு' என்னும் தமிழ்ச்சொல்லோ தன் பொருளைத் தன் உடலிலேயே தாங்கி நிற்கின்றது. ஒன்றன் திறத்தை ஆய்தல் திறனாய்வு. ஆய்வு என்றால் அளவுகோல் வேண்டும். அளந்த முறையைப் பிறர்க்குக் காட்டவும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத எழுத்து, எத்துணை இனிய நடையில் அமைந்திருந்தாலும், வெறும் விருப்பு வெறுப்பின் அறிவிப்பே ஆகும்.

உரையாசிரியர் காட்டிய நெறி

கருத்து மாறுபாடு தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு முதற்கண் உரை கண்டவர் இளம்பூரணர். பின்வந்த சேனாவரையர் பல இடங்களில் அவரோடு மாறுபட்டார். மாறுபட்ட இடத்தில், முன்னவர் கருத்து இன்னது என்று எடுத்துக் காட்டினார். அது பொருந்தாமைக்கு உரிய கரணியத்தைக் கூறினார். அதன் பின்னரே தம் கருத்தை நிறுவினார். இன்றும் தொல்காப்பியம் பயில்வோர் அவ்விரண்டு உரைகளையும் அருகருகே வைத்தே பயில்கின்றனர். ஒருவர் மறுத்ததால் மற்றவர் அழிந்துவிடவில்லை. இருவராலும் நூல் விளக்கம் பெற்றது.

நன்னூலார் இன்னும் ஒருபடி மேலே சென்றார். நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் வகுத்தார். மிகைபடக் கூறலும் கூறியது கூறலும் அவர் கண்ட குற்றங்கள். இரண்டரை மணிநேரம் ஓடும் இன்றைய படங்கள் பலவற்றிற்கும் இவை பொருந்துவதை எவரும் காணலாம். இங்குக் கருதத்தக்கது, அளப்பதற்கு முன்னரே அளவுகோலை அவையின் நடுவே வைத்த நேர்மை. செய்தித்தாள் திறனாய்வாளர் பலரிடம் காணக் கிடையாதது அந்நேர்மையே.

1967-ஆம் ஆண்டுப் பூசல்

ஒரு படத்தைப் பற்றிய மாறுபட்ட தீர்ப்புகள் எத்துணை ஆழம் செல்லும் என்பதற்கு, அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒரு பூசல் தக்க சான்று. 1967-இல் ஆர்தர் பென் என்பவர் இயக்க, வாரன் பீட்டி ஆக்கி நடித்த 'போனியும் கிளைடும்' என்னும் படம் வெளிவந்தது. வங்கிகளைக் கொள்ளையிட்டும் காவலர் உள்ளிட்ட பத்துப் பேர்க்கு மேற்பட்டோரைக் கொன்றும் திரிந்து, 1934 மே 23-ஆம் நாள் இலூசியானாவில் சுட்டு வீழ்த்தப்பட்ட கூட்டத்தின் தலைவரான ஆணும் பெண்ணுமே அப்படத்தின் கதைத்தலைவர்கள்.

'நியூயார்க்கு தைம்சு' நாளிதழின் திறனாய்வாளர் பாசுலி கிரௌதர் படத்தைக் கடுமையாகச் சாடினார். கொடிய கொலைகாரரை இளமையும் எழிலும் வாய்ந்தவராக்கி, அவர்தம் கொலைத்தொழிலைச் சிரிப்புக் கூத்தாகக் காட்டுதல் முறையன்று என்பது அவர் கருத்து. ஒருமுறை எழுதியதோடு அமையாமல் மீண்டும் மீண்டும் எழுதினார். இவரைக் கலையறியாப் பழைமையர் என்று ஒதுக்கிவிட இயலாது. 1940 முதல் அப்பொறுப்பில் இருந்தவர். படத் தணிக்கையை எதிர்த்தவர். அயல்நாட்டு நற்படங்களை அமெரிக்கர் பார்க்க வேண்டும் என்று வாதாடியவர். அவர் கையிலெடுத்த அளவுகோல் அறமும் வரலாற்று உண்மையும் ஆகும்.

'நியூயார்க்கர்' கிழமையிதழில் அவ்வாண்டு அக்டோபரில் பாலின் கேல் என்னும் அம்மையார் பல்லாயிரம் சொற்களில் மறுமொழி போன்றதொரு கட்டுரை வரைந்தார். வேறோர் இதழ் ஏற்க மறுத்த கட்டுரை அது. படத்தின் சிரிப்பும் குருதியும் அடுத்தடுத்து வருவது பிழையன்று, படத்தின் நோக்கமே அது என்றார் அவர். சிரித்துக்கொண்டிருக்கும் அவையோர் ஒரு நொடியில் சாவைக் கண்டு திடுக்கிடுகின்றனர். தம் சிரிப்பை எண்ணித் தாமே நாணுகின்றனர். வலி தெரியாமல் கொலையைக் காட்டிவந்த பழைய படங்களைக் காட்டிலும் இதுவே அறத்திற்கு நெருங்கியது என்பது அவர் வாதத்தின் சாறு. ஓடி ஒளியும் இணையரைப் பற்றி 1937-லும் 1949-லும் வந்த படங்களோடு ஒப்பிட்டு, இப்படத்தின் கால்வழியையும் காட்டினார். அவர் அளவுகோல் படத்தின் கட்டமைப்பும், அஃது அவையோர் உள்ளத்தில் நிகழ்த்தும் வினையும் ஆகும்.

இவ்விருவரையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். இருவரும் ஒரே காட்சிகளைக் குறித்தே எழுதினர். கிரௌதர், 'இதில் வருபவர் எத்தகையோர்?' என்று வினவினார். கேல், 'இதைப் பார்ப்பவர் என்ன ஆகின்றனர்?' என்று வினவினார். வினா வேறானதால் விடையும் வேறாயிற்று. வினாவை மறைத்து விடையை மட்டும் அச்சிட்டிருந்தால், படித்தவர்க்கு எஞ்சியது வெறும் கூச்சலாகவே இருந்திருக்கும்.

காலமும் இதில் கலந்தது. வியத்துநாம் போரின் காட்சிகள் வீடுதோறும் தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்த ஆண்டு அது. அச்சூழலில் வளர்ந்த இளைஞர்க்கு அப்படத்தின் குருதி பொய்யாகத் தோன்றவில்லை. 'சிகாகோ சன்-தைம்சு' நாளிதழில் அவ்வாண்டுதான் திறனாய்வுப் பொறுப்பேற்ற இளைஞர் இராசர் ஈபர்ட்டு, அமெரிக்கப் பட வரலாற்றில் அஃது ஒரு மைல்கல் என்று எழுதினார்.

தீர்ப்பை மாற்றிய துணிவு

இப்பூசலில் மிகவும் போற்றத்தக்கவர் மூன்றாமவர் ஒருவர். 'நியூசுவீக்கு' கிழமையிதழின் திறனாய்வாளர் சோசப்பு மார்கன்சுடர்ன், ஆகசுட்டுத் திங்களில் படத்தை இழிந்த படம் என்று எழுதித் தள்ளினார். பின்னர்ப் பொதுமக்களோடு அமர்ந்து மறுமுறை பார்த்தார். தாம் காணாதுவிட்டது யாது என்று உணர்ந்தார். அடுத்த கிழமையே, அதே இதழில், தம் முந்திய தீர்ப்பு நேர்மையற்றது என்று அச்சில் ஒப்புக்கொண்டு புதிய திறனாய்வு எழுதினார். முதலில் படத்தை ஏளனம் செய்த 'தைம்' கிழமையிதழும் அவ்வாண்டுத் திசம்பரில் தன் முகப்பிலேயே அதனை ஏற்றிப் புகழ்ந்தது.

கருத்தை மாற்றிக்கொள்வது இழுக்கென்று நினைப்பவர் பலர். கரணியம் கூறாமல் மாற்றுவதே இழுக்கு. காற்றடிக்கும் பக்கம் சாயும் நாணலும் அசைகின்றது. நிறைகோலின் நாவும் அசைகின்றது. நாணலை அசைப்பது காற்று. நிறைகோலை அசைப்பது எடை. மார்கன்சுடர்ன் அசைந்தது எடையால் என்பதற்கு அவர் எழுதிக்காட்டிய கரணியங்களே சான்று.

கிரௌதர் தம் கருத்தில் இறுதிவரை நின்றார். அவ்வாண்டின் முடிவில் இருபத்தேழு ஆண்டுப் பொறுப்பினின்று அவர் நீங்க நேர்ந்தது. இப்பூசலே அதற்குக் கரணியம் எனப் பலரும் கருதினர். படமோ பத்து ஆசுகார் பரிந்துரைகளைப் பெற்று இரண்டு விருதுகளை வென்றது. எனினும், கொலைகாரரை எழிலுறக் காட்டலாமா என்று அவர் எழுப்பிய வினா அவரோடு ஓய்ந்துபோகவில்லை. வன்முறையை விழாவாக்கும் ஒவ்வொரு படம் வெளியாகும்போதும், தமிழ்த் திரையிலும் கூட, அவ்வினா மீண்டும் எழுகின்றது. தீர்ப்பில் தோற்றவரின் வினா நிலைத்து நிற்பதும் உண்டு.

பொருந்தா அளவுகோல்

அதே கிரௌதர் 1958-இல் வேறொரு படத்தை அளந்தது வேறொரு பாடத்தைத் தருகின்றது. வங்காள இயக்குநர் சத்தியசித்து இரேயின் முதற்படம் 'பதேர் பாஞ்சாலி'. 1952-இல் தொடங்கிப் பொருள் முடையால் இடையிடையே நின்று, மேற்கு வங்க அரசின் பொருளுதவியால் முடிந்து, 1955-இல் வெளிவந்தது. 1956-இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த மாந்த ஆவணம் என்னும் பரிசைப் பெற்றது. அது நியூயார்க்கு நகரில் திரையிடப்பட்டபோது, அதன் உருக்கத்தை ஒருவாறு ஒப்புக்கொண்ட கிரௌதர், ஆலிவுட்டில் முழுமையுறாத முதல்வெட்டு என்னும் அளவிற்கே இதன் தொகுப்புத் தேறும் என்ற கருத்தில் எழுதினார். நியூயார்க்கு மக்களோ பல திங்கள் அப்படத்தைத் தொடர்ந்து பார்த்தனர்.

தொழிற்கூடத்தின் விரைவையும் மெருகையும் கோலாகக் கொண்டு, சிற்றூர் வாழ்வின் மெல்லிய நடையை அளந்ததால் வந்த பிழை அது. நெல்லை முழக்கோலால் அளக்க முற்பட்டவன் நெல்லின் மீது குறைகாண்பது போன்றது. ஆயினும் அவர் தம் அளவுகோல் இன்னது என்று வெளிப்பட எழுதினார். அதனாலேயே, அவர் தவறிய இடத்தை இன்றும் சுட்டிக்காட்ட முடிகின்றது.

எண்ணும் எழுத்தும்

இக்காலத்தில் எழுத்தைக் காட்டிலும் எண்ணுக்கே மதிப்பு மிகுந்துவிட்டது. தமிழகத்தில் 'ஆனந்த விகடன்' கிழமையிதழ் நெடுங்காலம் படங்களுக்கு மதிப்பெண் வழங்கி வந்தது. 1977-இல் வந்த '16 வயதினிலே' படத்திற்கு அது வழங்கிய 62½ மதிப்பெண்ணை இன்றும் பலர் நினைவிற் கொண்டுள்ளனர். அத்திறனாய்வின் சொற்களை நினைவிற் கொண்டிருப்போர் எத்துணைப் பேர்?

1998-இல் தொடங்கிய 'இராட்டன் டொமாட்டோசு' என்னும் இணையத்தளம் பல திறனாய்வாளரின் தீர்ப்புகளைத் தொகுத்து, நூற்றுக்கு இத்தனை பேர் நன்றென்றனர் எனக் காட்டுகின்றது. நூறு பேரும் 'ஒருவாறு பார்க்கலாம்' என்றாலே அப்படம் நூற்றுக்கு நூறு பெற்றுவிடும். அறுபது பேர் ஈடிணையற்றது என்று கொண்டாட, நாற்பது பேர் வெறுத்துத் தள்ளினால், அப்படம் அறுபதோடு நின்றுவிடும். எவ்வளவு நன்று, எதனால் நன்று என்பதை அவ்வெண் சொல்லாது. மாறுபாடு எங்கே உயிரோடு துடிக்கின்றதோ, அவ்விடத்தையே எண் மூடிவிடுகின்றது.

எண்ணும் விரைவும் சேர்ந்ததால் அச்சமும் பிறந்துள்ளது. 2024 நவம்பரில் 'கங்குவா' வெளிவந்த பின், தமிழ்ப் படவாக்குநரின் சங்கம் ஒன்று, திரையரங்க வளாகங்களில் வலையொளிக்காரர் கருத்துக் கேட்பதைத் தடுக்க வேண்டும் என்று அறிக்கை விடுத்தது. முதல் மூன்று நாள் இணையத்தில் திறனாய்வு கூடாது என்னும் வேண்டுகோளும் சென்னை உயர்நீதிமன்றத்திற்குச் சென்றது. திசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. படம் எடுப்போர் கவலை பொய்யன்று. பலருடைய உழைப்பு ஒரு நாட்காலைக் கூச்சலில் கவிழ்வது வருந்தத்தக்கதே. ஆயின் தீய திறனாய்வுக்கு மருந்து வாய்ப்பூட்டு ஆகாது. நல்ல திறனாய்வே ஆகும். கேலின் கட்டுரைக்கும் கிரௌதரின் கட்டுரைக்கும் இடமளித்த நாட்டில்தான் அப்படம் வாழ்ந்தது.

படிப்போர் கடன்

ஆகவே, தமிழ் நெஞ்சங்களே, ஒரு திறனாய்வைப் படிக்கும்போது முடிவுரையை முதலில் தேடாதீர்கள். எழுதியவர் எந்த அளவுகோலைக் கொண்டார், அக்கோல் அப்படத்திற்குப் பொருந்துமா என்று பாருங்கள். படத்தினின்று காட்சியையும் உரையாடலையும் சான்றாகக் காட்டுகின்றாரா, வெறும் அடைமொழிகளை அடுக்குகின்றாரா என்று பாருங்கள். இரண்டு இதழ்கள் மாறுபட்டால், இரண்டையும் படியுங்கள். பின்னர்ப் படத்தைப் பார்த்து, உங்கள் கரணியத்தை ஒரு பக்கமேனும் எழுதிப் பாருங்கள். எழுத முற்பட்ட பொழுதே, விருப்பம் எது, ஆய்வு எது என்பது விளங்கிவிடும்.

ஓலைச்சுவடியில் ஒரு நூற்பாவிற்கு இரண்டு உரைகளை ஏற்று, இரண்டையும் காத்துத் தந்த மரபு நம்முடையது. அம்மரபில் வந்தோர் ஒரு திரைப்படத்திற்கு இரண்டு தீர்ப்பு வந்தால் மருளவேண்டா. சொல்லுக்குப் பின்னே உள்ள கரணியத்தைக் கேளுங்கள். கரணியம் கூறும் பகைவன் எழுத்து, கரணியம் கூறா நண்பன் புகழுரையினும் பயன் மிகத் தரும்.