நம்ம கலைக்கும் ஒரு கூடம் வேண்டும்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தவணை என்றுதான் ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிறோம். இன்றைக்குக் கொஞ்சம் வேற விஷயம் பேசப் போகிறோம். ஆனால் இதுவும் வருமானம் பற்றிய பேச்சுதான்.

ஆனி, ஆடி மாதம் வந்தால் குற்றாலத்தில் சாரல். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று குளிக்கிறார்கள். சிப்ஸ், ரம்புட்டான், மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டால், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் நம்மிடம் காட்ட ஒன்றுமே இல்லையா?

நிறைய இருக்கிறது. குற்றாலநாதர் கோவிலுக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கிற சித்திர சபையைப் பாருங்கள். நடராசருக்குரிய ஐந்து சபைகளில் நான்கு ஊர்களில் பொன், வெள்ளி, தாமிரம், இரத்தினம். நம் ஊரில் மட்டும் சித்திரம். சாமியே ஓவியமாக இருக்கிற ஊர் இது. மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் குற்றாலக் குறவஞ்சி பாடினார். அதில் வருகிற சிங்கி யார்? தன் மலையின் பெருமையைச் சொல்லி, குறி சொல்லி, ஊர் ஊராகச் சம்பாதித்து, புருஷன் கேட்டதும் எந்த நகை எங்கே கிடைத்தது என்று கணக்குச் சொல்கிற பெண். நம் குழுக்களில் முதல் உறுப்பினராகச் சேர்க்க வேண்டியவள் அவள்தான்! அந்தக் குறவஞ்சியை 1944-இல் ருக்மிணி தேவி சென்னையில் கலாக்ஷேத்ரா மூலம் நாட்டிய நாடகமாக மேடை ஏற்றினார்.

இன்றைக்கும் கோவில் கொடைக்கு வில்லுப்பாட்டு இருக்கிறது, கணியான் கூத்தும் மகுடமும் இருக்கிறது, கரகம், நையாண்டி மேளம் இருக்கிறது. பனை ஓலையிலும் கோரையிலும் வேலை செய்கிற கைகள் நம்மிடம் இருக்கின்றன. ஆனால் கொடை முடிந்தால் மறு கொடை வரைக்கும் அவர்களுக்கு வேலை? சாரல் திருவிழா சில நாட்கள்தான். மீதி நாளெல்லாம் கலைஞர் வீட்டுப் பெண்கள் களை பறிக்கவும் பீடி சுற்றவும்தான் போகிறார்கள்.

அதனால்தான், தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் ஒரு சின்ன கலைக்கூடம் வேண்டும் என்கிறோம். அதில் நம் கலைஞர்களும் இருக்க வேண்டும், கம்ப்யூட்டர் கலையும் இருக்க வேண்டும்.

“கம்ப்யூட்டர் நமக்கெதுக்கு அக்கா?” என்று சில பேர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். டோக்கியோவில் டீம்லேப் என்ற குழு 2018-இல் ஒரு பெரிய கலைக்கூடம் திறந்தது. 2022 வரை அங்கே பிள்ளைகள் தாளில் ஒரு மீனுக்கு வண்ணம் தீட்டிக் கொடுத்தார்கள். அதை ஸ்கேன் செய்ததும் அதே மீன் சுவரில் நீந்தியது. வந்தவர்கள் வெறுமனே பார்க்கவில்லை, தாங்களும் கைகலந்து செய்தார்கள். அதுதான் இதில் உள்ள விசேஷம்.

அது பணக்கார ஊர் என்று நினைக்க வேண்டாம். நமக்குச் செங்கோட்டை தாண்டினால் கேரளம். அங்கே பாலக்காடு மாவட்டம் ஷொர்ணூர் பக்கத்தில் இராமச்சந்திர புலவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தோல்பாவைக் கூத்து நடத்துகிறது. அவர்கள் பாடுவது நம் கம்பராமாயணம். கூத்துக்கு ஆள் குறைந்தபோது அந்தக் குடும்பம் பொறியாளர்களோடு சேர்ந்து, இயந்திரம் ஆட்டுகிற தோல்பாவைகளைச் செய்து பார்த்தது. 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் மகள் ரஜிதா, பெண்கள் மட்டுமே நடத்துகிற பாவைக்கூத்துக் குழுவைத் தொடங்கினார். இயந்திரம் வந்தும் கலைஞர் வீட்டுக்குப் போகவில்லை. இன்னும் புது ஆட்கள் உள்ளே வந்தார்கள்.

நம்மால் என்ன முடியும்? கடையில் பணம் கட்ட ஸ்கேன் செய்கிறோமே, அதே கட்டம் போட்ட குறியீட்டை ஓலைப்பெட்டியில் ஒட்டினால், வாங்குகிறவர் போனில் அந்தப் பெட்டியை முடைந்த கைகளைப் பார்க்கலாம், குரலைக் கேட்கலாம். சுவரில் வரைந்த வில், உடுக்கை, குடத்தைப் பிள்ளைகள் தொட்டால் அந்தந்தச் சத்தம் வரும்படி செய்யலாம். சத்தம் கேட்ட பிள்ளை திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் நிஜ வில்லோடு நம் அக்கா உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் முக்கியம்.

சகோதரிகளே, இதில் ஆபத்தும் உண்டு. ஓலை முடைகிற நம் உறுப்பினர் ஒருவர் சொன்னார்: “வந்தாக, படம் பிடிச்சாக, போனாக. என் பேரு கூடப் போடல.” பதிவு செய்த குரல் பாடிக்கொண்டே இருந்தால், பாடினவளை ஏன் கூப்பிட வேண்டும் என்று நாளைக்கு ஒருவர் கேட்பார். அதனால் இந்த நான்கையும் இப்போதே தீர்மானமாக எழுதிக்கொள்வோம்.

1. கலைஞரின் சம்மதமும் கையெழுத்தும் இல்லாமல் படமோ குரலோ பதிவு செய்யக் கூடாது. பதிவில் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும்.

2. பதிவு ஓடினாலும், நேரில் வருகிற கலைஞருக்கு அன்றைய கூலி அன்றே தர வேண்டும்.

3. டிக்கெட், விற்பனை வரவு தனிப் பதிவேட்டில் இருக்கும். மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசிக்கப்படும்.

4. கடன் வாங்கிக் கட்டடம் கட்ட வேண்டாம். முதலில் ஒரு சீசன், இருக்கிற ஓர் இடத்தில், வாடகைக்கு எடுத்த புரொஜெக்டரை வைத்துச் செய்து பார்ப்போம். லாபமா நஷ்டமா என்று பார்த்துவிட்டு அடுத்த அடி வைப்போம்.

சாரல் ஈரத்துக்கு மிஷின் தாங்குமா என்றும் கேட்டீர்கள். பூட்டி வைத்தால் தாங்காது. நம் பெண் பிள்ளைகளில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில் இருக்கிறவர்கள் எத்தனை பேர்! அவர்களைப் பழக்கினால் துடைத்து, பார்த்து, பழுது நீக்கி ஓட்டுவார்கள். பாட்டி பாட, பேத்தி பதிவு செய்யட்டும். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வேலை.

கடைசியாக ஒன்று. தென்காசிக் கோவிலை 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதைப் பழுது பார்த்துக் காப்பவர்களின் காலில் விழுந்து வணங்குவதாகக் கல்லில் எழுதி வைத்திருக்கிறான். ராஜா கட்டின கோபுரமும் சிதைந்துதான் போனது. காக்க நினைத்தவர்கள் இருந்ததால் 1990-இல் மறுபடி எழுந்து நிற்கிறது. கட்டுவதை விடக் காப்பதுதான் பெரிய வேலை. நம் வீட்டுப் பாட்டையும் கைவேலையையும் காக்க ராஜா யாரும் வர மாட்டார். நாம்தான் காக்க வேண்டும்.

ஒவ்வொரு குழுவும் தன் உறுப்பினர்களிலும் குடும்பங்களிலும் பாடுகிறவர், ஆடுகிறவர், முடைகிறவர், வரைகிறவர் யார் யார் என்று பட்டியல் எழுதி அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். “எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று ஒதுங்குகிறவரிடம் இரண்டாவது தடவையும் கேளுங்கள். தாலாட்டும் கலைதான்.