கக்கூஸ் அடைத்துக்கொண்டால் யாரைக் கேட்பது?
(கிராமத்துத் தம்பதியர் கூட்டத்தில் பேசியது)



குடும்ப நலக் கூட்டம் என்றால் பிள்ளைப்பேறு, தடுப்பூசி, சத்துணவு என்றுதான் பேசுவார்கள் என நினைத்து வந்திருப்பீர்கள். இன்று நான் கக்கூஸைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்க வேண்டாம். சிரித்தாலும் பரவாயில்லை, காதைக் கொடுத்தால் போதும்.

அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். அங்கே ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி அடிவயிற்று வலி, காய்ச்சல், நீர்க்கடுப்பு என்று ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வந்தாள். சிறுநீர்த் தொற்று. மருந்து கொடுத்தோம், குணமானது. அடுத்த மாதமே திரும்பவும் வந்துவிட்டாள். செவிலியர் அம்மா கேட்டார்: "ஏம்மா, தண்ணி குடிக்கிறதே இல்லையா?" அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "குடிச்சாப் போகணுமே அக்கா. எங்க போறது? விடியுமுன்னே அத்தைகூட தைலமரக் காட்டுக்குப் போறதோட சரி. அப்புறம் இருட்டினாத்தான்."

வீட்டில் கழிப்பறை இல்லையா? இருக்கிறது. 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தில் வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்களே, அதில் கட்டியதுதான். கட்டி எட்டு மாதம் புழங்கினார்கள். பிறகு தண்ணீர் சரியாக இறங்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை அடைப்பு. ஊற்றினால் மேலே ஏறி வரும். கடைசியில் அதில் விறகை அடுக்கிவிட்டார்கள். நான் நேரில் போய்ப் பார்த்தபோது விறகுக்கு மேலே கோழி முட்டையிட்டிருந்தது.

தண்ணீரைக் குறைத்துக் குடிப்பது, சிறுநீரை அடக்கி வைப்பது, இவை இரண்டும் கர்ப்பிணிப் பெண்ணுக்கு எத்தனை கெடுதல் தெரியுமா? தொற்று மேலே ஏறிச் சிறுநீரகம் வரைக்கும் போகலாம். குறைப் பிரசவம் வரைக்கும் கொண்டுபோய் விடலாம். வெறுங்காலோடு காட்டுக்குப் போனால் கொக்கிப்புழு தோலைத் துளைத்து உள்ளே புகுந்து இரத்தத்தை உறிஞ்சும். இரும்புச் சத்து மாத்திரையை ஒரு பக்கம் நாம் கொடுக்கிறோம், மறுபக்கம் புழு தின்கிறது. இத்தனைக்கும் காரணம் கொல்லையில் அடைத்துக் கிடக்கும் ஒரு குழாய்!

அந்தக் கணவனிடம் கேட்டேன், "தம்பி, கட்டின கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினீர்களா?" என்று. அவர் சொன்ன பதில்: "கொத்தனார் எங்க மாமா மகன்தான் சார். சொன்னா கோவிச்சுக்குவாரு." மாமா மகன் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, மனைவி இருட்டில் காட்டுக்குப் போகிறாள். நல்ல நியாயம்!

சரி, நோயை எப்படிக் கண்டுபிடிப்பது? டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்ப்பதுபோல, நாமும் மூன்று இடத்தில் தட்டிப் பார்க்க வேண்டும். கோப்பை, குழாய், குழி. பழுது எந்த இடத்தில் என்று தெரியாமல் ஆசிட்டை வாங்கி ஊற்றுவதில் பிரயோசனம் இல்லை.

வெளியே சின்னச் சேம்பர் இருக்கும் அல்லவா, அதன் மூடியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உள்ளே கோப்பையில் ஒரு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றட்டும். மற்றவர் சேம்பரைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். இது கணவன் மனைவி இருவரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை, அதற்காகத்தான் இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டேன். கோப்பையில் தண்ணீர் நிற்கிறது, சேம்பருக்குச் சொட்டுக்கூட வரவில்லை என்றால், அடைப்பு கோப்பைக்குக் கீழே இருக்கும் வளைவில். சேம்பரே நிரம்பி நிற்கிறது என்றால், குழிக்குப் போகும் குழாயிலோ குழியிலோ தகராறு. சேம்பருக்குத் தண்ணீர் ஜோராக வருகிறது, ஆனால் மலம் மட்டும் கோப்பையிலேயே தங்குகிறது என்றால், கோப்பையின் அமைப்பிலும் நாம் தண்ணீர் ஊற்றும் முறையிலும் குறை.

முதலில் வளைவைப் பற்றிச் சொல்கிறேன். அதை டிராப் என்று கடையில் சொல்வார்கள். அந்த வளைவில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தேங்கி நின்று, குழியின் நாற்றமும் பூச்சியும் மேலே வராமல் மறித்துக்கொள்கிறது. 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் இந்த வளைவுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். கடிகாரம் செய்தவர் கக்கூஸுக்கு வழி சொன்னார் பாருங்கள், எந்தத் தொழிலும் கேவலமில்லை.

வளைவில் நிற்கும் தண்ணீரின் ஆழம்தான் விஷயம். கிராமக் கழிப்பறைக்கு 20 மில்லிமீட்டர், அதாவது ஒரு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தால் போதும். கோப்பையும் நல்ல சரிவாக, ஆழமாக இருக்க வேண்டும். இப்படி அமைந்தால் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீரில், இரண்டு சொம்பில், எல்லாம் இறங்கிவிடும். டவுன் வீட்டுக் கோப்பை தட்டையாக இருக்கும், அதன் வளைவில் 50 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கும். அது மேலே தொட்டி வைத்து நிறையத் தண்ணீரை ஒரே மூச்சில் தள்ளுவதற்குச் செய்தது. "பாக்க அழகா இருக்கே" என்று அதை வாங்கிவந்து வைத்துவிட்டு ஒரு மக்குத் தண்ணீர் ஊற்றினால் எப்படிப் போகும்? கஜா புயல் 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் அடித்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. அந்தச் சமயத்தில் தொட்டித் தண்ணீரை நம்பிய கழிப்பறை என்ன பயன்? இரண்டு சொம்பில் இறங்கும் கழிப்பறைதான் கை கொடுக்கும்.

ஊற்றும் முறையும் உண்டு. உட்காருமுன் கோப்பையை நனைத்துவிடுங்கள், மலம் ஒட்டாது. பிறகு சொம்பு சொம்பாக, சொட்டுச் சொட்டாக ஊற்றாமல், சின்ன வாளியில் எடுத்து ஒரே வீச்சாக ஊற்றுங்கள். பத்துச் சொம்பு மெதுவாக ஊற்றுவதைவிட இரண்டு லிட்டர் வேகமாக ஊற்றுவது மேல். தொட்டி வைத்த வீடாக இருந்தால் தொட்டி மூடியைத் திறந்து, மிதவைப் பந்து தாழ்ந்து கிடந்து பாதித் தொட்டியோடு தண்ணீரை நிறுத்துகிறதா என்று பாருங்கள். உப்புத் தண்ணீர் ஊரில் கோப்பை விளிம்புத் துளைகளில் காரை படிந்து அடைத்திருக்கும். அதைக் குச்சியால் சுரண்டி விட்டாலே வேகம் வந்துவிடும்.

அடுத்தது குழாய். கொத்தனார்கள் வாட்டம் என்பார்களே, அதுதான் உயிர். கோப்பையிலிருந்து குழிக்குப் போகும் குழாய்க்குப் பதினைந்து அடிக்கு ஓர் அடியாவது வாட்டம் வேண்டும். நான் சொன்ன அந்த வீட்டில் பன்னிரண்டு அடிக் குழாய். பத்து அங்குலம் இறங்கியிருக்க வேண்டும், இரண்டு விரற்கடைதான் இறங்கியிருந்தது. அதோடு நடுவில் செங்குத்தாகத் திருப்பிய எல்போ ஒன்று. தண்ணீர் முன்னே ஓடிவிடும், மலம் பின்தங்கிக் காய்ந்து படியும், அதன்மேல் அடுத்தது படியும். எட்டு மாதம் ஓடியதே பெரிய காரியம்.

வாட்டம் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு நீளமான கண்ணாடி டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் இரண்டு இடத்தில் பிடித்தால், இரண்டிலும் நிற்கும் தண்ணீர் ஒரே மட்டம். அங்கிருந்து குழாய் எவ்வளவு கீழே என்று இரு பக்கமும் அளந்து கழித்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த மாவட்டத்தில் 1991, 92-இல் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தும் கற்று, சைக்கிளும் கற்றார்கள். சைக்கிள் விட்ட கைக்கு டியூப் பிடிக்கத் தெரியாதா?

இனி குழி. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். உறிஞ்சு குழியின் சுவரில் தேன்கூடு போல இடைவெளி விட வேண்டும், அடியைப் பூசவே கூடாது. தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வேண்டும். "உறுதியா இருக்கட்டும்" என்று சுவர் முழுக்க சிமெண்டு பூசிவிட்டால் அது குழி அல்ல, தொட்டி. சீக்கிரம் நிரம்பும். நமது செம்புராங்கல் பூமியில் தண்ணீர் இறங்குவது சில இடத்தில் மெதுவாகத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் ஏறும்போது இன்னும் மெதுவாகும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் மேல்மட்டத்திலேயே தண்ணீர் கிடக்கும். அங்கே ஆழத்தைக் குறைத்து, கழிப்பறைத் தளத்தை உயர்த்திக் கட்டுவதுதான் வழி. குளிக்கும் தண்ணீரையும் பாத்திரம் கழுவும் தண்ணீரையும் இந்தக் குழிக்கு விடாதீர்கள். அதை வாழைக்கு விடுங்கள். குடிநீர்க் கிணற்றிலிருந்தும் போரிலிருந்தும் பத்து மீட்டராவது தள்ளிக் குழி இருக்கட்டும்.

"ஒரே குழியாப் பெருசா வெட்டிட்டாப் போதும்" என்பது இன்னொரு தப்புக் கணக்கு. சின்னதாக இரண்டு குழி வேண்டும். ஒரு குழி மூன்று வருடம்போல ஓடும். நிரம்பியதும் சேம்பரில் அந்த வழியை அடைத்து, அடுத்ததைத் திறந்துவிட வேண்டும். மூடிய குழியை இரண்டு வருடம் தொடாதிருந்தால், உள்ளே இருப்பது நாற்றமில்லாத எருவாகிவிடும். 2017 பிப்ரவரியில் தெலங்கானாவில் கங்காதேவிபள்ளி என்ற ஊரில், மத்திய அரசின் குடிநீர், சுகாதாரத் துறைச் செயலர் பரமேஸ்வரன் ஐயர், அப்படி மக்கிய ஒரு குழியில் தாமே இறங்கி எருவை அள்ளிக் காட்டினார். இரண்டு குழியையும் ஒன்றோடொன்று குழாய் போட்டு இணைத்து, இரண்டும் ஒரே சமயத்தில் நிரம்பும்படி செய்திருக்கிற வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அது இரண்டு குழி வெட்டிய செலவுக்கு ஒரே குழியின் பலன்.

செப்டிக் டேங்க் வேறு சமாசாரம். அதற்குக் காற்றுப் போக்கி வேண்டும், இல்லாவிட்டால் காற்று போக வழியில்லாமல் கோப்பையில் களக் களக் என்று சத்தம் வரும், தண்ணீர் தயங்கும். போக்கியின் வாயில் கொசு வலை கட்டுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கொரு முறை லாரி வைத்து உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் ஒன்று: அந்தத் தொட்டிக்குள் எவரும் இறங்கக் கூடாது. ஒரு நிமிஷம்தானே என்றும் கூடாது. உள்ளே இருக்கும் விஷவாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்கியவரையும் சேர்த்து. கூலிக்கு ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

இப்போது கொஞ்சம் வெட்கப்படாமல் கேட்க வேண்டிய விஷயம். அடைப்பு எடுத்தால் உள்ளிருந்து என்ன வருகிறது? மாதவிலக்குத் துணி, நாப்கின், குழந்தைக்குக் கட்டும் டயப்பர், ஷாம்பு பாக்கெட், விளக்குமாற்றுக் குச்சி, பாத்திரம் தேய்த்த சாம்பல், மணல். அப்புறம் நிரோத். குழிக்கு இறக்குவதும் உறை, செவிலியர் அம்மா கொடுப்பதும் உறை. ஆனால் இந்த உறை அந்த உறைக்குள் போகக் கூடாது! (பின்னால் யாரோ சிரிக்கிறார்கள், புரிந்துவிட்டது.) அது மக்காது, வளைவில் போய்ச் சிக்கிக்கொள்ளும். காகிதத்தில் சுற்றி ஆழமாகப் புதைத்துவிடுங்கள், நாப்கினுக்கும் தனியாக ஒரு மூடி போட்ட வாளி வையுங்கள். குழந்தையின் மலத்தை மட்டும் தெருவில் போடாமல் கோப்பையில் போடுங்கள். குழந்தையின் மலத்திலும் கிருமி உண்டு.

அடைப்பு எடுக்கக் கையுறை போட்டுக்கொண்டு ரப்பர் பம்பால் அழுத்தி அழுத்தி இழுங்கள். பம்பு இல்லையா, கம்பு நுனியில் ஈரச் சாக்கை உருட்டிக் கட்டி அதே மாதிரி செய்யுங்கள். வளையும் மூங்கில் பிளாச்சு நல்லது. கடப்பாரைக் கம்பியை விட்டுக் குத்தினால் கோப்பை உடையும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் என்ற நச்சுக்காற்று கிளம்பும், அந்தச் சின்ன அறைக்குள் மூச்சு முட்டும். ஆகவே சேர்க்கவே சேர்க்காதீர்கள். குழிக்குள் மலத்தைச் செரிக்கும் நல்ல கிருமிகளையும் ஆசிட் கொன்றுவிடும். சாதாரணமாகக் கழுவ பிரஷ்ஷும் கொஞ்சம் சோப்புத் தூளும் போதும். கழுவும் வேலை மனைவிக்கு மட்டும் எழுதி வைத்ததல்ல கணவன்மார்களே. உபயோகிக்கிறவர் எல்லோரும் கழுவலாம்.

அந்த அறந்தாங்கிப் பக்கத்து வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். மாமா மகனையே கூப்பிட்டோம். கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கு யாரு சார் இதெல்லாம் சொன்னா? வீடு கட்டத்தான் தெரியும்" என்றார். எல்போவை எடுத்துவிட்டுக் குழாயை நேராக்கி, குழிச் சுவரில் குழாய் நுழையும் துளையை எட்டு அங்குலம் கீழே இறக்கினார். பழைய குழி பூசின குழி, அதை மூடி ஆறப் போட்டுவிட்டு, இடைவெளி விட்ட உறைகளை இறக்கிப் புதுக்குழி ஒன்று போட்டார்கள். மூன்று நாள் வேலை. விறகு வெளியே போயிற்று. கோழிக்குத்தான் வருத்தம்.

பிரசவத்துக்கு முன்னால் கடைசிப் பரிசோதனைக்கு வந்தபோது அந்தப் பெண் கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தாள். மாமியாரும் கூட வந்திருந்தார். "இப்ப நானும் அதுலதான் போறேன், முட்டிக்குத்தான் கொஞ்சம் கஷ்டமா இருக்கு, பிடிச்சுக்க ஒரு கம்பி வச்சுத் தரச் சொல்லுங்க சார்" என்றார் அந்த அம்மா. சுவரில் கம்பி பதிப்பது அரை நாள் வேலைதான். உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் நீங்களும் பதித்துவிடுங்கள்.

சேம்பர் மூடியைத் திறந்து பார்த்தும் விளங்கவில்லை என்றால், புதன்கிழமை தடுப்பூசி போட வரும் செவிலியர் அம்மாவிடம் சொல்லியனுப்புங்கள். டியூபோடு வருகிறேன்.