அடையாளம் கேட்கலாமா?
(பங்கின் பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பெண்ணுக்கு வரன் வந்தால் இரண்டு சீட்டு எழுதி, மாதா சுரூபத்தின் பாதத்தில் வைத்து, குழந்தையை விட்டு எடுக்கச் சொல்லுகிறோம். வெளியூர் வேலைக்குப் போகலாமா என்று அறிய, கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் படிக்கிறோம். நோயாளிக்காக ஏற்றிய மெழுகுதிரி காற்றில் அணைந்தால் மனம் பதறுகிறோம். "ஆண்டவரே, ஓர் அடையாளம் காட்டும்" என்ற ஏக்கம் நம் எல்லோரிடமும் உண்டு. இது தவறா?

வேதாகமம் என்ன சொல்லுகிறது? மிதியானியரை எதிர்க்கப் புறப்பட்ட கிதியோன், களத்தில் ஆட்டுத் தோலை விரித்து அடையாளம் கேட்டான். முதல் இரவு தோல் மட்டும் பனியில் நனைந்திருக்க வேண்டும், மறு இரவு தரை மட்டும் நனைந்திருக்க வேண்டும் என்றான். இறைவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. இரண்டையும் பொறுமையோடு செய்தார். ஆகாஸ் அரசனோ, ஏசாயா இறைவாக்கினரே கேட்கச் சொல்லியும் அடையாளம் கேட்க மறுத்தான். ஆண்டவரைச் சோதிக்க மாட்டேன் என்று பக்தியாகப் பேசினான். ஆனால் அவன் நம்பியிருந்தது அசீரிய அரசனை. ஆலயத்துப் பொன்னையும் வெள்ளியையும் எடுத்து அவனுக்கு அனுப்பியவன் அவன். பரிசேயரோ, பேய்பிடித்த குருடனும் ஊமையுமான ஒருவனை இயேசு குணமாக்கிய பிறகும் அடையாளம் வேண்டும் என்றார்கள். அவர்களுக்கு யோனாவின் அடையாளமேயன்றி வேறொன்றும் கிடைக்காது என்றார் ஆண்டவர்.

ஆகவே, கேட்பதா கேட்காமல் இருப்பதா என்பதல்ல கேள்வி. பதில் வந்தால் கீழ்ப்படிய நாம் ஆயத்தமா என்பதே கேள்வி. கிதியோன் பதில் கிடைத்ததும் புறப்பட்டுப் போனான். நாமோ சில வேளைகளில், நமக்குப் பிடித்த சீட்டு வரும்வரை திரும்பத் திரும்ப எடுக்கிறோம்!

"திருத்தூதர்களே சீட்டுப் போட்டு மத்தியாவைத் தேர்ந்துகொள்ளவில்லையா?" என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அது தூய ஆவி இறங்குவதற்கு முன் நடந்தது. அதன்பின் அவர்கள் சீட்டுப் போட்டதாகத் திருத்தூதர் பணி நூலில் எங்கும் இல்லை. கூடிச் செபித்தார்கள், கலந்து பேசினார்கள், முடிவு செய்தார்கள். நமக்கும் அந்த ஆவியானவர் திருமுழுக்கில் தரப்பட்டிருக்கிறார்.

இன்னும் ஒன்று. இறைவன் தரும் அடையாளம் நாம் கேட்டதாக இருக்க வேண்டியதில்லை. 1858-ல் லூர்து குகையில், 14 வயது பெர்னதெத்துக்குத் தேவமாதா 18 முறை காட்சி தந்தார்கள். அவ்வூர்ப் பங்குக் குரு ஓர் அடையாளம் கேட்டார்: குகையிலுள்ள காட்டு ரோஜாச் செடி அந்தக் குளிர்காலத்தில் பூக்க வேண்டும் என்றார். செடி பூக்கவில்லை. ஆனால் ஓர் ஊற்று ஏற்கெனவே புறப்பட்டிருந்தது. மார்ச் 25-ந் தேதி, தாம் அமல உற்பவம் என்று மாதா தம்மை அறிவித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தச் சிறுமிக்கு விளங்காத சொல் அது. அந்தச் சொல்லே குருவின் உள்ளத்தை அசைத்தது.

அந்த ஊற்றைத் தன் கையால் தோண்டிய பெர்னதெத், தம் நோய்கள் நீங்காமலே 1879-ல், 35-ஆம் வயதில் இறந்தார். லூர்தில் குணமடைந்ததாக 7,000-க்கும் மேற்பட்டோர் அறிவித்திருக்கிறார்கள். அவற்றுள் புதுமை என்று திருச்சபை ஏற்றுக்கொண்டவை 70-க்குச் சற்றே அதிகம். அப்படியானால், குணமாகாமல் வீடு திரும்பிய இலட்சக்கணக்கானோரை ஆண்டவர் கைவிட்டாரா?

இங்கே உங்களை மன்றாடிக் கேட்கிறேன். நவநாள் முடித்தும் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே துன்பக் கிண்ணம் அகலும்படி மன்றாடினார். அது அகலவில்லை. திருமகனுக்கா விசுவாசம் குறைவு? கல்கத்தாத் தெருக்களில் கைவிடப்பட்டோரைத் தூக்கிய அன்னை தெரசாவும், பல்லாண்டுகள் உள்ளத்தில் இறைவனின் பிரசன்னத்தை உணராமலே இருந்தார் என்பதை 2007-ல் வெளியான அவரது கடிதங்களிலிருந்து அறிந்தோம். ஆறுதல் உணராமலும் அவர் செபத்தை விடவில்லை. நோயாளியின் கையையும் விடவில்லை. விசுவாசம் என்பது இதுதான்.

நம் நாட்டுக்கு வந்த அப்போஸ்தலர் என்று நாம் போற்றும் தோமையாரும் அடையாளம் கேட்டவரே. இயேசு அவருக்குக் காட்டியது வானத்து ஒளியை அல்ல, தம் காயங்களை. அந்தத் தாய்க்கும் நாம் காட்டக்கூடிய அடையாளம் அதுவே. அவள் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். ஒரு வேளைக் கஞ்சி கொண்டுபோங்கள். நாற்பதாம் நாள் பூசைக்கு அவளோடு நில்லுங்கள். ஆண்டவர் தன்னை மறக்கவில்லை என்பதற்கு அவள் தேடும் அடையாளம், ஒருவேளை நீங்களாகவே இருக்கலாம்.

ஐம்பது ஆண்டுகளாக இந்தப் பீடத்தில் அப்பமாக நம்மிடம் வருகிறவர், இனியும் நம்மோடு இருப்பார்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!